அடுத்த ஃபார் க்ரையில் என்ன இருக்க வேண்டும்?

தேவகோட்டையில் இருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஃபார் க்ரை வீடியோ கேமின் ஆறாவது பாகத்தைப் பாதியில் விட்டவன் நான். ஏழாவது வரப்போகுது, வரப்போகுதுன்னு எல்லாரும் பேசுறாங்க. ரசிகர்கள் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கிறாங்க? பழைய பாகம் எதையும் ஆடாத நான் எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

தம்பி, ஆறாவதைப் பாதியில் விட்டதற்காக வருத்தப்படாதே. முதல் பாகத்தில் இருந்து ஆடிக்கொண்டிருக்கும் நானே அதை இரண்டு முறை நிறுத்தினேன். மூன்றாவது முறை முடித்ததும் ஆசையால் இல்லை, பிடிவாதத்தால்.

2004-இல் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர். ஐந்தில் ரயில் டிக்கெட்டும் பரீட்சை ரிசல்ட்டும் பார்ப்பார்கள். ஆறாவதில் மட்டும் கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். அந்த வருடம்தான் ஜெர்மனியின் கிரைடெக் கம்பெனி செய்து யூபிசாஃப்ட் வெளியிட்ட முதல் ஃபார் க்ரை வந்தது. கடலும் தென்னையுமாக ஒரு தீவு. குன்றின் மேல் ஏறி நின்றால் எதிர்க்கரை வரை தெரியும். அதுவரை நாங்கள் ஆடிய துப்பாக்கி விளையாட்டுகள் எல்லாம் இருட்டு நடைபாதையும் இரும்புக் கதவும்தான். அதனால் பையன்கள் இதில் சுடவே மறந்துவிட்டார்கள். தண்ணீரில் முங்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கடல் பார்த்தார்கள். இப்போது சென்டர் இல்லை, சர்வீஸ் கடைதான். கடைக்கு வரும் பையன்கள் இந்தத் தொடரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவதால் எனக்கும் பேச்சு நிற்கவில்லை.

செய்தி நிலவரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆறாவது பாகம் வந்தது 2021 அக்டோபர் 7-ஆம் தேதி. அதோடு சேர்த்து ஆடும் கடைசிப் பெரிய கூடுதல் பகுதி 2022 டிசம்பரில் வந்தது. 2025 மார்ச்சில் யூபிசாஃப்ட், அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் ஆகிய மூன்று தொடர்களையும் தனியாக ஒரு துணை நிறுவனத்தின் கீழ் கொண்டுபோவதாக அறிவித்தது. சீனாவின் டென்சென்ட் நிறுவனம் அதில் 116 கோடி யூரோ போட்டு ஏறக்குறைய கால் பங்கு வாங்கியது. வான்டேஜ் ஸ்டுடியோஸ் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபார் க்ரை வேலைகள் நடப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்றபடி கசிவு, கசிவின் கசிவு என்று ஓடுவதை எல்லாம் வாயில் போட்டு மென்றால் பல்தான் தேயும். ஒரே ஒரு வதந்தியைப் பற்றி மட்டும் பின்னால் சொல்கிறேன், அதில் பேச விஷயம் இருக்கிறது.

ரசிகர்கள் என்று ஒரே கூட்டம் கிடையாது. எவன் எந்தப் பாகத்தில் நுழைந்தானோ அதுதான் அவனுக்கு ஃபார் க்ரை. 2008-இல் இரண்டாவது பாகத்தில் வந்தவனுக்குத் துரு ஏறிய துப்பாக்கியும் மலேரியாக் காய்ச்சலும் வேண்டும். 2012-இல் மூன்றாவதில் வந்தவன் இன்னும் வாஸ் என்ற வில்லன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறான். 2018-இல் ஐந்தாவதில் வந்தவனுக்கு ஒரு நாயும், கூட ஆட ஒரு நண்பனும், மீன்பிடிக்க ஒரு ஆறும் போதும். இவர்கள் மூவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் சண்டைதான். ஆனால் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டால், மூவரும் வெவ்வேறு பெயரில் ஒரே பொருளைத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடும். "என்னை விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான் அது. கொஞ்சம் பொறு, விளக்குகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது வில்லனை. நியாயம்தான். மூன்றாவது பாகத்தில் மைக்கேல் மாண்டோ என்ற நடிகர் வேறொரு பாத்திரத்துக்கான தேர்வுக்கு வந்தவர். அவர் நடித்துக் காட்டியதைப் பார்த்து அவருக்காகவே வாஸ் என்ற பாத்திரத்தை உருவாக்கினார்கள். பைத்தியம் என்றால் என்ன தெரியுமா என்று அவன் முகத்துக்கு நேராக வந்து கேட்கும் அந்தக் காட்சியைச் சென்டரில் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்லிக்காட்டினார்கள் என்று கணக்கே இல்லை. ஆனால் அந்த வெற்றியே தொடருக்குக் கொஞ்சம் கெடுதலும் செய்தது. அன்று முதல் அட்டையில் வில்லன் முகம் பெரிதாக வருவது சம்பிரதாயம் ஆகிவிட்டது. வாஸ் பாதிக் கதையிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறான், மீதிப் பாதி சப்பென்று ஆகிவிடுகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆறாவதில் ஜான்கார்லோ எஸ்பொசிட்டோ போன்ற ஒரு நடிகரைச் சர்வாதிகாரி வேடத்துக்குக் கூட்டிவந்து அரண்மனைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். நாம் ஓர் ஊரில் சண்டை போடுகிறோம், அவர் வேறெங்கோ பேசிக்கொண்டிருக்கிறார். அந்தச் சர்வாதிகாரிக்கும் அவர் மகனுக்குமான காட்சிகள் நன்றாகத்தான் இருக்கும். அவை என் ஆட்டத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது பாகத்து வில்லனைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இமயமலையடியில் கியாரட் என்று ஒரு கற்பனை நாடு, அதை ஆளும் இளஞ்சிவப்புக் கோட்டுக்காரன் பெயர் பாகன் மின். பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு கதை கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தப் பெயர் சட்டென்று உறைக்கும். பாகன் மின் என்பது 1846 முதல் 1853 வரை பர்மாவை ஆண்ட நிஜ அரசன். அவன் காலத்தில், 1852-இல் நடந்த போரில்தான் கீழ் பர்மா முழுதும் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் செட்டிநாட்டில் இருந்து ஆட்கள் கூட்டமாகக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குக் கப்பலேறியதும், ரங்கூனிலும் மோல்மீனிலும் கிட்டங்கி என்ற கடைக்கட்டிடம் வைத்ததும், அந்தத் தேக்கு இங்கே கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து தூணாக நின்றதும். விளையாட்டில் அந்தக் கோட்டுக்காரன் அந்த அரசனின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டவன். அதோடு விட்டானா? தொடக்கக் காட்சியில் நம்மை விருந்து மேசையில் உட்காரவைத்து, "நண்டு ரங்கூன் சாப்பிட்டுக்கொண்டிரு, வந்துவிடுகிறேன்" என்று எழுந்து போகிறான். நண்டு ரங்கூன் என்பது அமெரிக்கச் சீன ஓட்டல்களில் நண்டும் சீஸும் வைத்து மடித்துப் பொரிக்கிற பண்டம். ரங்கூனுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் உறவும் இல்லை. ரங்கூனில் இருந்து திரும்பிய ஆச்சிகள் யாரிடமாவது அதை நீட்டினால் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் அந்த மேசையில் இருந்து எழுந்து தப்பித்து ஓடுவார்கள், அங்கிருந்துதான் விளையாட்டே தொடங்கும். அவன் சொன்னபடி ஒருவன் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால்? பாகன் மின் திரும்பி வருவான். நம் நாயகன் எதற்காக அந்த நாட்டுக்கு வந்தானோ, அந்த அம்மாவின் அஸ்தியை வைக்க அவனே கூட்டிப்போவான். கதை முடிந்தது. ஐந்தாவதில் ஜோசப் சீட் என்ற சாமியார் வில்லனுக்கு விலங்கு மாட்டாமல் நின்றாலும் இப்படி ஒரு முடிவு உண்டு. ஆறாவதில் ஆரம்பத்திலேயே படகை எடுத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போய்விடலாம். ரசிகர்கள் வருடக்கணக்காக இதைப் பற்றிப் பேசுவதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறாய்? வில்லன் நன்றாகப் பேசியதாலா? நான் சும்மா உட்கார்ந்திருந்ததை விளையாட்டு கவனித்து, அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. அந்த மரியாதைதான் மனதில் நிற்கிறது.

இதே மரியாதை தொடர் முழுக்கப் பரவிக் கிடந்த இடம் ஒன்று உண்டு. அதுதான் அவுட்போஸ்ட். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் அடுத்த பாகம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

அவுட்போஸ்ட் என்றால் எதிரிகள் பிடித்துவைத்திருக்கும் ஒரு சின்ன முகாம். மூன்றாவது பாகத்தில் இப்படி 34 முகாம்கள். மேட்டில் படுத்து கேமராவில் பார்த்து ஒவ்வொருவனையும் குறித்துக்கொள்ள வேண்டும். அலாரம் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அலாரப் பெட்டியைத் தூரத்தில் இருந்து சுட்டால் அந்த ஒன்று மட்டும் சாகும். கிட்டே போய்க் கையால் கழற்றினால் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கும். சில முகாம்களில் கூண்டில் புலியோ கரடியோ இருக்கும். கூண்டைச் சுட்டுத் திறந்துவிட்டால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் சாமான். இதை வைத்துக்கொண்டு நூறு விதமாகப் பிடிக்கலாம், நூறு விதமாகச் சொதப்பலாம்.

இந்தச் சுகத்தைச் செட்டிநாட்டுப் பையனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு, வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும், கல்யாணத்துக்கு மட்டும் திறப்பார்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். நடுவில் முகப்புத் திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாகப் போகும். ஒவ்வொரு முற்றமும் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். கல்யாணக் கூட்டத்தில் நாங்கள் கண்ணாமூச்சி ஆடுவோம். பிடிப்பவன் முகப்பில் நின்றால் நாங்கள் பின்தெரு வழியாகச் சுற்றி வருவோம். அவன் வளவுக்கு வந்தால் மாடிக்கு ஏறி முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வோம். இடையில் பந்தியில் யாராவது பெரியவர் பிடித்து "இலை போடுடா" என்று நிறுத்திவிடுவார், போட்ட திட்டம் எல்லாம் பாழ். வீடு ஒன்றுதான், ஆட்டம் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. வழிகள் பல, கண்கள் பல, நடுவில் நமக்குச் சம்பந்தமே இல்லாமல் நடமாடும் ஆட்கள். நல்ல அவுட்போஸ்ட் இப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது பாகம் வந்த சமயம் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், சில நாள் அதுவும் கிடையாது. யூ.பி.எஸ். ஐந்து நிமிடம்தான் தாங்கும். முகாமில் பத்தில் எட்டுப் பேரைச் சத்தமில்லாமல் முடித்திருப்போம், விளக்கு பொட்டென்று அணையும். மறுபடி கரண்ட் வந்ததும் அதே முகாமை முதலில் இருந்து ஆடவேண்டும். கோபம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. இந்தத் தடவை ஆற்றுப் பக்கமாகப் போகலாம் என்று ஒருவன் சொல்வான், இல்லை கூண்டைத் திற என்று இன்னொருவன் சொல்வான். ஒரே முகாமை ஒரே சாயங்காலம் நான்கு முறை பிடித்திருக்கிறோம். பிடித்த முகாம்களை மறுபடி எதிரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடும் வசதியை யூபிசாஃப்ட் பின்னால் ஒரு பேட்சில், அதாவது திருத்தப் பதிப்பில் கொடுத்தது. நாங்கள் மின்சார வாரியத்தின் தயவில் அதை முன்பே அனுபவித்துவிட்டோம்.

அப்படி இருந்த அவுட்போஸ்ட் ஆறாவதில் என்ன ஆனது? எண்ணிக்கை நிறைய, நாடும் தொடரிலேயே பெரியது. ஆனால் சத்தம் கேட்காத துப்பாக்கியும் கவசத்தைத் துளைக்கும் தோட்டாவும் கைக்கு வந்துவிட்டால், ஒரே மேட்டில் படுத்து ஒவ்வொரு தலையாக எண்ணி முடித்துவிடலாம். பக்கத்தில் நிற்கும் சிப்பாய்க்கு அதிகம் உறைப்பதில்லை. யோசிக்கத் தேவையில்லாத இடத்தில் வழிகள் பத்து இருந்து என்ன பயன்?

ஆகவே ரசிகர்கள் கேட்பது, முகாம்கள் பாதியாகக் குறைந்தாலும் சரி, ஒவ்வொன்றையும் கையால் கட்டுங்கள் என்பது. அப்புறம் எதிரிக்கு ஞாபகம் வேண்டும். 2015-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் ஐந்தாவது பாகத்தில் நாம் தலையிலேயே சுட்டுப் பழகினால், கொஞ்ச நாளில் சிப்பாய்கள் இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். ராத்திரியிலேயே புகுந்தால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். அந்த விளையாட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் ஃபார் க்ரை சிப்பாய் நேற்று என்ன நடந்தது என்றே தெரியாதவனாக நிற்கிறான். அடுத்த பாகத்தில் இது ஒன்று மாறினால் நான் முதல் நாளே வாங்குவேன்.

இரண்டாவது பாகத்தின் கோஷ்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்ணிக்கையில் சின்னக் கோஷ்டி, சத்தம் பெரிது. கிளின்ட் ஹாக்கிங் தலைமையில் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் கிளை செய்தது அது. பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாடு, உள்நாட்டுப் போர். மேப்பை நிறுத்திப் பார்க்க முடியாது, நாயகன் கையில் காகிதமாகப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டவேண்டும். கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்தால் அது நடுச் சண்டையில் அடைத்துக்கொள்ளும். அடிபட்டால் குறடு வைத்துத் தோட்டாவைப் பிடுங்கவேண்டும். காய்ச்சல் வந்து கண் மங்கும். எல்லாவற்றுக்கும் மேல் நெருப்பு. காய்ந்த புல்லில் ஒரு பாட்டிலை வீசினால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தீ போகும். கோடையில் நம் பக்கம் கண்மாய்க் கரைக் கருவேலங்காட்டில் தீப்பிடித்தால் எப்படி இருக்கும், அதே மாதிரி. எதிரியைக் கொளுத்தப் போய்க் காற்று திரும்பி நானே வெந்ததுண்டு. அந்தச் சாவுக்கு நான்தான் காரணம், விளையாட்டு இல்லை. அதனால் கோபம் வராமல் சிரிப்பு வந்தது.

அந்தப் பாகத்திலும் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. செக்போஸ்ட் ஒன்றைக் காலி செய்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் மறுபடி அதே இடத்தில் ஆட்கள் நிற்பார்கள். அந்தக் குறைக்குப் பயந்தே அடுத்தடுத்த பாகங்களில் நிறைகளையும் சேர்த்துக் கொட்டிவிட்டார்கள் என்பது பழைய ரசிகர்களின் மனக்குறை. துப்பாக்கி அடைத்துக்கொள்வது எல்லோருக்கும் பிடிக்காது, தெரியும். வேண்டுமானவன் போட்டுக்கொள்ளும் ஒரு கடினமான ஆட்டமாக வைத்தால் போதும்.

குறைகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும், நாலைந்தை ஓட்டமாகச் சொல்கிறேன். மூன்றாவதில் மேப்பைத் திறக்க ரேடியோ கோபுரம் ஏறவேண்டும். முதல் நான்கைந்து சுவாரசியம், அப்புறம் வேலை. ஐந்தாவதில் அதை எடுத்துவிட்டு, "ஊர் முழுக்கக் கோபுரம் ஏறச் சொல்லமாட்டேன்" என்று ஒரு பாத்திரத்தின் வாயாலேயே கிண்டலும் செய்தார்கள். அதே ஐந்தாவதில் புதுத் தொல்லை ஒன்று வந்தது. ஒரு பகுதியில் கொஞ்சம் கைவரிசை காட்டிவிட்டால், நாம் எங்கே இருந்தாலும் ஆள்பிடிக்கும் கூட்டம் வந்து மயக்கித் தூக்கிப் போய்விடும். நான் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு, பெரிய மீன் ஒன்று கடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது தூக்கிப் போனார்கள். கண்விழித்தால் சாமியார் குடும்பத்தின் பிரசங்கம். மீனும் போச்சு. "என்னை விடு" என்று கேட்டு வாங்கியவனைக் கையைக் கட்டி உட்காரவைத்துக் கதை சொன்னால் எப்படி? 2019-இல் வந்த நியூ டான் பாகத்தில் எதிரி தலைக்கு மேல் அவன் பலத்தைக் காட்டும் நிலை, மிச்ச உயிரைக் காட்டும் கோடு எல்லாம் வந்தன. அதன் சாயல் ஆறாவதிலும் தொடர்ந்தது. கவசம் போட்டவனுக்கு ஒரு தோட்டா, போடாதவனுக்கு இன்னொரு தோட்டா. விஷத்துக்கு ஒரு சட்டை, நெருப்புக்கு ஒரு செருப்பு. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி உடை மாற்ற வேண்டியிருக்கிறது. துப்பாக்கி விளையாட்டில் தலையில் சுட்டால் விழவேண்டும். இதில் பெரும்பாலான ரசிகர்களுக்குள் கருத்து வேறுபாடே நான் பார்த்ததில்லை.

எதிர்பாராத குழப்பம் இந்தத் தொடரின் உயிர் என்று சொன்னால் சிலர் புரியாமல் பார்ப்பார்கள். ஜல்லிக்கட்டில் வாடிவாசல் ஒன்று, மாடு அங்கிருந்துதான் வரும், நீ அங்கேதான் பார்த்து நிற்பாய். பொங்கலையொட்டிச் சிராவயல் பொட்டலில் நடக்கும் மஞ்சுவிரட்டுக்குப் போயிருக்கிறாயா? அங்கே பொட்டல் வெளியிலும் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். எதிரில் வரும் மாட்டைப் பார்த்து ஒதுங்கினால், முதுகுப் பக்கம் இன்னொன்று வந்துகொண்டிருக்கும். பார்க்க வந்தவனும் ஓடுவான், பிடிக்க வந்தவனும் ஓடுவான், கடலை விற்பவரும் கூடையோடு ஓடுவார். மற்ற துப்பாக்கி விளையாட்டுகள் வாடிவாசல் என்றால், ஃபார் க்ரை பொட்டல். நான்காவது பாகத்தில் ஒரு மேட்டில் படுத்து முகாமை அரை மணி நேரம் அளந்துகொண்டிருந்தேன். பின்னால் இருந்து தேன்வளைக்கரடி ஒன்று வந்து காலைக் கவ்வியது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி, அதன் வெறி யானைக்குக் கூட வராது. அதற்குப் பயந்து சரிவில் உருண்டவன் நேராக முகாமின் நடுவில் போய் விழுந்தேன். சத்தத்தில் மிரண்ட காண்டாமிருகம் ஒன்று வேலியை நோக்கி ஓடிவந்தது. நான் போட்ட திட்டத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மச்சினன் சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்து விழுந்ததுதான் மிச்சம். அந்த முகாமின் பெயர் மறந்துவிட்டது, இந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த வதந்தி. அடுத்த பாகத்தில் கடத்தப்பட்ட குடும்பத்தை 72 மணி நேரக் கெடுவுக்குள் மீட்கவேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று சில வருடங்களாக ஒரு பேச்சு. உண்மையா பொய்யா என்பதை விடு. அதற்கு ரசிகர்கள் காட்டிய முகத்தைப் பார். பாதிப் பேர் பதறினார்கள். மேட்டில் படுத்து அரை மணி நேரம் முகாமைப் பார்ப்பவன் தலைக்கு மேல் கடிகாரம் தொங்கினால் அவன் ஏன் படுக்கப்போகிறான்? மறு பாதி, பரவாயில்லை, ஆறாவது போல இழுக்காமல் இருபது மணி நேரத்தில் முடியும், திரும்பத் திரும்ப வேறு வேறாக ஆடலாம் என்றது. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். சின்னதாக, திரும்ப ஆடும்படி செய்வது நல்ல யோசனை. நாம் நின்று பார்க்கவும் அந்தக் கடிகாரம் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு பயம் இணையத்தைப் பற்றியது. 2024-இல் யூபிசாஃப்ட் தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் அதை ஆட முடியவில்லை. உலகம் முழுக்கப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. டென்சென்ட் என்ற புதிய பங்காளி வந்திருக்கும் நேரத்தில், ஃபார் க்ரையையும் எப்போதும் நெட்டில் இருந்தால்தான் ஓடும் என்று ஆக்கிவிடுவார்களோ என்று ரசிகர்கள் கேட்பதில் தப்பில்லை. மழை இரண்டு தூறல் போட்டால் நெட் போகிற பகுதியில் இருப்பவனுக்கு அது சித்தாந்தம் இல்லை, அன்றாடப் பிரச்சினை. நண்பனோடு சேர்ந்து ஆட நெட் வேண்டும், சரி. தனியாகக் காட்டில் மான் வேட்டையாடவும் எதற்கு?

எந்த நாட்டில் கதை நடக்கவேண்டும் என்ற சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. தீவு, பாலைவனம், பனிமலை, எதுவானாலும் சரி. 2016-இல் பிரைமல் பாகத்தைக் கி.மு. 10,000-இல் வைத்து, துப்பாக்கியே இல்லாமல், கென்டக்கி பல்கலைக்கழக மொழியியலாளர்களைக் கொண்டு ஒரு ஆதி மொழியையே உருவாக்கிப் பேசவைத்தார்கள். அந்தத் துணிச்சல் இருந்தால் இடம் தானாக அமையும். கடைப் பையன்கள் "செட்டிநாட்டில் வைத்தால் எப்படி இருக்கும்" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வீடு பின்கதவு, ஊருக்கு ஊர் ஊரணி, ஒளிவதற்குக் கருவேலங்காடு, நன்றாகத்தான் இருக்கும். வெடிவைத்து ஆத்தங்குடிக் கல் தரையை உடைத்தால் மட்டும் எனக்கு மனசு தாங்காது.

நீ எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். மூன்றில் தொடங்கு. திரையில் வரும் குறிப்புகளில் அணைக்க முடிந்ததை எல்லாம் அணைத்துவிட்டு ஆடு. தள்ளுபடிக் காலத்தில் பழைய பாகங்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பொறுத்திருந்து வாங்கு. வாஸ் போனபின் கதை அலுத்தால் கதையை விட்டுவிட்டு மிச்சம் இருக்கும் முகாம்களை மட்டும் பிடி, ஒரு நஷ்டமும் இல்லை. அப்புறம் நான்கு. அதன்பிறகு துணிச்சல் இருந்தால் இரண்டு. முதல் மூன்று மணி நேரம் என்னைத் திட்டுவாய், பரவாயில்லை. ஐந்தாவதைத் தனியாக ஆடாதே, ஒரு நண்பனைப் பிடித்துக்கொள். முதல் பாகத்தின் முதல் பாதியை மட்டும் ஒருமுறை பார், பிற்பாதியில் உருமாறிய மிருகங்கள் வந்து அழகைக் கெடுத்துவிடும். நீ பாதியில் விட்ட ஆறாவது எங்கும் ஓடிப்போகாது, கிடக்கட்டும்.

நான்காவதைத் தொடங்கும்போது மட்டும் ஒன்று செய். அந்த விருந்து மேசையில் உன்னை விட்டுவிட்டு அவன் போனதும் எதையும் தொடாதே. எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வா.